எள்ளுத்தாத்தா எந்த ஊர்? 1881-ல் விஸ்கான்சின் வந்த ஒரு ஜெர்மானியரைத் தேடும் இழை

மேடிசன் மருமகள்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் மன்னார்குடிப் பக்கம். இப்போது இருப்பது விஸ்கான்சின் மாநிலம், மேடிசன். கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், அப்பா வழியில் ஜெர்மன் வம்சாவளி. குடும்பப் பெயர் குக்.

போன மாதம் என் அம்மா வீடியோவில் பேத்தியோடு பேசிக்கொண்டிருந்தபோது, "உங்க அப்பா ஆளுங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊருடி?" என்று கேட்டார். பத்து வயதுப் பெண், "ஜெர்மனி, பாட்டி" என்றாள். "அது தேசம். ஊர் எது?" அதற்கு வீட்டில் யாரிடமும் பதில் இல்லை. மாமனார் உயிரோடு இல்லை. மாமியாருக்குத் தெரிந்தது மூன்றே சேதிதான். கணவரின் எள்ளுத்தாத்தா வில்லியம் 1881-ல் வந்தார். அவர் பெயர் 'கோஹ்' என்றிருந்ததை எல்லிஸ் தீவில் ஓர் அதிகாரி 'குக்' என்று மாற்றி எழுதிவிட்டார். பெர்லினில் ஏதோ பிரபு வீட்டுப் பிள்ளை அவர்.

கையில் இருப்பது ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் ஒரு ஜெர்மன் பைபிள், ஒரு புகைப்படம், 1924-ல் அவர் இறந்ததற்கான சான்றிதழ் நகல். அதில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'ஜெர்மனி' என்று ஒரே சொல்.

என் மகளுக்குப் பாதி மன்னார்குடி என்றால், மீதிப் பாதிக்கும் ஓர் ஊர்ப்பெயர் வேண்டும். எங்கே தொடங்குவது?

நூலகப்பூனை

நான் ஒஹையோவில் ஒரு பொது நூலகத்தில் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வாரத்துக்கு நாலு பேராவது இதே எல்லிஸ் தீவுக் கதையோடு வருவார்கள், அதனால் அதை முதலில் பார்த்துவிடுவோம். எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறந்தது 1892-ல். உங்கள் ஆள் 1881-ல் வந்திருந்தால் அங்கே இறங்கியிருக்கவே முடியாது. நியூயார்க் வழியாக வந்திருந்தால் காசில் கார்டன். அது 1855 முதல் 1890 வரை இயங்கியது. பால்டிமோரிலும் இறங்கியிருக்கலாம்.

அதோடு, எந்தத் துறைமுகத்திலும் அதிகாரிகள் உட்கார்ந்து பெயரை மாற்றவில்லை. பயணிகள் பட்டியலைக் கப்பல் கம்பெனிக்காரர்கள் புறப்படும் இடத்திலேயே எழுதிவிடுவார்கள். இங்கே இருந்தவர்கள் அதை வைத்துச் சரிபார்த்தார்கள். பெயர் மாறியது பிறகு எப்போதோ, அநேகமாக அவரே மாற்றியிருப்பார்.

உடனே ஜெர்மனிக்குத் தாவாதீர்கள். இதை எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காது. ஜெர்மனியில் பதிவுகள் ஊர் ஊராக, சபை சபையாகக் கிடக்கின்றன. நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு என்று எதுவும் கிடையாது. ஊர்ப்பெயர் தெரியாமல் அங்கே போனால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான். ஊர்ப்பெயர் அமெரிக்கக் காகிதங்களில்தான் எங்கோ ஒளிந்திருக்கும்.

முதல் வேலையாக 1900, 1910, 1920 மூன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளிலும் அவரைக் கண்டுபிடியுங்கள். 1890-ஐத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அது 1921-ல் நடந்த தீ விபத்தோடு அநேகமாக முழுவதும் போய்விட்டது.

வேர்த்தேடி

டிஎன்ஏ சோதனை செய்தால் ஆறு வாரத்தில் முடிந்துவிடுமே. நான் செய்தேன், ஒன்றுவிட்ட சொந்தம் நூற்றுக்கணக்கில் வந்தது. தவிர, இணையத்தில் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கும் குடும்ப மரங்கள் இருக்கின்றன. இப்போது தேடினேன்: 'வில்ஹெல்ம் கோஹ், பிறப்பு 1859, பெர்லின்' என்று மூன்று மரங்களில் இருக்கிறது (வில்லியம்தான் ஜெர்மனில் வில்ஹெல்ம்). மூன்றும் ஒத்துப்போகின்றன.

நூலகப்பூனை

மூன்றும் ஒத்துப்போவது ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதால் இருக்கலாம். அந்த மரங்களில் பெர்லின் என்பதற்கு என்ன ஆதாரம் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்றாவது மரம் இரண்டாவதை, இரண்டாவது முதலாவதை, முதலாவது எதையுமே காட்டாது. கோஹ் என்றால் சமையல்காரர். ஜெர்மனியில் மிகச் சாதாரணமான பெயர். அதே ஆண்டில் பிறந்த வில்ஹெல்ம் கோஹ்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

டிஎன்ஏ வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சோதனை செய்தவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள். அங்கேயே தங்கிவிட்ட கிளையைச் சேர்ந்தவர்கள் குறைவு. உங்களுக்குப் பொருந்தி வரும் அத்தையும் சித்தப்பாவும் உங்களைப் போலவே 'ஜெர்மனி' என்று மட்டும் சொல்லிக்கொண்டு இருப்பார்கள்.

டோர்ட்முண்ட் அண்ணன்

தங்கச்சி, நான் இஞ்ச வந்து 38 வருசம். பிள்ளையள் இஞ்சதான் படிச்சு வேலை செய்யினம். இந்த ஊர் ஆக்களின்ர பழைய காகிதங்களை வாசிக்கிறதில எனக்குக் கொஞ்சம் பழக்கம் இருக்கு, வேலை செய்த இடத்தில ஒரு கிழவர் பழக்கிவிட்டவர்.

ஒரு விசயம் விளங்கிக்கொள்ளுங்கோ. 1871-க்கு முன்னம் ஜெர்மனி எண்டு ஒரு நாடு இல்லை. புரூசியா, பவேரியா, ஹனோவர், மெக்லென்பர்க், பாடன், வூர்ட்டெம்பர்க் எண்டு ஒவ்வொண்டும் தனித்தனி அரசு. உங்கட ஆள் பிறந்தது 1859 எண்டால் அவர் ஜெர்மனியில பிறக்கேல்லை. இதில ஏதோ ஒரு அரசின்ர பிரசையாத்தான் பிறந்தவர்.

'பெர்லின்' எண்டதையும் நம்பாதேங்கோ. வெளியூரில நிண்டு கேக்கிறவைக்கு நாங்கள் 'யாழ்ப்பாணம்' எண்டு சொல்லிறம் எல்லே, உள்ளுக்க எந்தக் குறிச்சி எண்டு சொன்னால் ஆருக்கு விளங்கும்? அதே மாதிரி, கேட்டவைக்குத் தெரிஞ்ச பெரிய நகரத்தின்ர பேரைச் சொல்லியிருப்பார்.

இன்னொண்டு. இஞ்ச பழைய வீடுகளில 1930-களில எழுதின வம்ச அட்டவணை கன இடத்தில கிடைக்கும். பார்க்க வடிவா, அச்சொட்டா இருக்கும். அது ஆசையில எழுதினதில்லை. 1933-க்குப் பிறகு அரசாங்க வேலை வேணுமெண்டால் தாத்தா பாட்டி வரைக்கும் யூத இரத்தம் இல்லை எண்டு காட்ட வேண்டியிருந்தது. சனம் வரிசையில நிண்டு பாதிரியாரிட்டச் சான்றிதழ் வாங்கினது. அந்த அட்டவணை எங்கட தேடலுக்கு உதவும்தான். ஆனா கையில எடுக்கேக்க எனக்கு ஒவ்வொரு தரமும் மனம் கனக்கும். அதே காகிதம் இல்லாமல் போன ஆக்களுக்கு என்ன நடந்தது எண்டு தெரியும்தானே.

மேடிசன் மருமகள்

அண்ணா, நன்றி. நூலகப்பூனை சொன்னபடி ஐந்து நாளாக மூன்று கணக்கெடுப்பையும் தேடி எடுத்துவிட்டேன்.

1900: பெயர் கோஹ். பிறப்பு 1859 மார்ச். வந்த ஆண்டு 1881. டாட்ஜ் கவுண்டியில் பண்ணை. பிறந்த இடம் ஜெர்மனி.
1910: இன்னும் கோஹ்தான். தாய்மொழி ஜெர்மன்.
1920: குக்! அதே மனைவி, அதே பிள்ளைகள், அதே பண்ணை. பெயர் மட்டும் வேறு.

1920 தாளில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'ஜெர்மனி' என்பதற்குப் பதிலாக 'பொமரேனியா' என்று எழுதியிருக்கிறது. என் அம்மாவிடம் சொன்னேன். "அந்த வெள்ளை நாய்க்குட்டி ஊரா?" என்று கேட்டார். ஆமாம், அந்த நாய் இனத்துக்கே பெயர் அந்த மாநிலத்திலிருந்து வந்ததுதான் என்றேன்.

நூலகப்பூனை

அருமை. 1920-ல் மட்டும் மாநிலம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. முதல் உலகப்போர் முடிந்து ஐரோப்பாவில் எல்லைகள் மாறிக்கொண்டிருந்த நேரம் அது. அதனால் ஜெர்மனி, ஆஸ்திரியா, ரஷ்யா போன்ற நாடுகளில் பிறந்தவர்களிடம் மாகாணமோ நகரமோ கேட்டு எழுதும்படி கணக்கெடுப்பாளர்களுக்கு உத்தரவு. பெர்லின் கதை இதோடு முடிந்தது.

பெயர் மாறியது 1910-க்கும் 1920-க்கும் இடையில். அந்தப் பத்தாண்டில் என்ன நடந்தது என்று உங்கள் கணவர் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டும். 1917-ல் அமெரிக்கா போரில் இறங்கியது. அடுத்த ஆண்டே ஐயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங் பொது இடத்திலும் பள்ளியிலும் தொலைபேசியிலும் வழிபாட்டிலும்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்று அறிவித்தார். குடியுரிமை வாங்காத ஜெர்மானியர்கள் எதிரி நாட்டவர் என்று பெயர் பதிந்து கைரேகை கொடுக்க வேண்டியிருந்தது. முட்டைக்கோஸ் ஊறுகாய்க்குக்கூட ஜெர்மன் பெயரை விட்டுவிட்டு 'சுதந்திர முட்டைக்கோஸ்' என்று புதுப்பெயர் வைத்தார்கள். கோஹ் என்பதை மொழிபெயர்த்தால் குக். அதைத் தீவில் எந்த அதிகாரியும் எழுதவில்லை. 37 வருஷம் உழுத மண்ணில், அக்கம்பக்கத்துக்குப் பயந்து அவரே மாற்றிக்கொண்டிருக்கிறார். எல்லிஸ் தீவுக் கதையை அதற்கப்புறம் யாரோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

இனி கப்பல். ஹாம்பர்க் வழியாகப் போனவர்களின் பட்டியல் 1850 முதல் 1934 வரை பத்திரமாக இருக்கிறது. அதன் அருமை என்னவென்றால், புறப்பட்டவரின் ஊரையும் எழுதியிருப்பார்கள். தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் அவர் பிரெமன் வழியாக வந்திருப்பார். பிரெமன் பட்டியல்களை இடம் போதவில்லை என்று அவர்களே பல ஆண்டுகள் அழித்தார்கள். மிச்சம் இருந்ததில் பெரும்பகுதி இரண்டாம் உலகப்போரில் போனது. 1920 முதல் 1939 வரை உள்ளவை மட்டும் தங்கியிருக்கின்றன.

குடியுரிமைக் காகிதத்தையும் தேடுங்கள், ஆனால் ஆசை வைக்காதீர்கள். 1906 செப்டம்பருக்கு முந்தைய காகிதங்களில் பெரும்பாலும் 'ஜெர்மானியப் பேரரசருக்கான விசுவாசத்தைத் துறக்கிறேன்' என்பதோடு சரி.

டெக்ஸாஸ் தேன்மொழி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மாமனாரின் அப்பா 1926-ல் பிரெமனிலிருந்து வந்தவர். எங்களுக்கு வழி உண்டா?

நூலகப்பூனை

உங்களுக்கு வேலை சுலபம். பிரெமன் பட்டியலில் மிஞ்சிய ஆண்டுகளுக்குள் வருகிறார். குடியுரிமை மனுவும் 1906-க்குப் பிந்தையது என்பதால் பிறந்த தேதி, ஊர், கப்பல் பெயர் எல்லாம் அதில் இருக்கும். முதலில் அதை வாங்குங்கள்.

டோர்ட்முண்ட் அண்ணன்

தேன்மொழி, 1876 ஜனவரியில இருந்து முழு நாட்டிலயும் அரசாங்கப் பிறப்புப் பதிவு இருக்கு. புரூசியாவில அதுக்கும் முன்னம், 1874 அக்டோபரில தொடங்கினது. பிறப்புப் பதிவு 110 வருசம், கலியாணம் 80, இறப்பு 30 வருசம் வரைக்கும் பதிவு அலுவலகத்திலயே மூடி வைச்சிருப்பினம். நேரடி வாரிசு எண்டு காட்டினால் அதுக்குள்ளயும் நகல் தருவினம். ஊர்ப்பேர் தெரிஞ்சவுடன அந்த அலுவலகத்துக்கு எழுதுங்கோ. ஜெர்மனில எழுத உதவி வேணுமெண்டால் கேளுங்கோ.

மேடிசன் தங்கச்சியின்ர ஆள் 1859. அவருக்கு அரசாங்கப் பதிவு இல்லை. சேர்ச் புத்தகம்தான் தஞ்சம்.

தரங்கம்பாடிப் பெரியவர்

நான் லுத்தரன் சபையில் முப்பது வருஷம் செயலராக இருந்தவன். பழைய பதிவேடுகளைக் கையால் நகல் எடுத்திருக்கிறேன். மேடிசன் மகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

பொமரேனியாவிலிருந்து விஸ்கான்சினுக்குப் போனவர்கள் பெரும்பாலும் லுத்தரன்கள். முதல் கூட்டம் 1839-லேயே போய் ஃப்ரைஸ்டாட் என்ற ஊரை உண்டாக்கியது. புரூசிய மன்னர் லுத்தரன் சபையையும் சீர்திருத்தச் சபையையும் ஒன்றாக இணைத்து ஒரே வழிபாட்டு முறையைத் திணித்தபோது, எங்கள் விசுவாசத்தை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று கப்பலேறியவர்கள் அவர்கள். பின்னால் 1880-களில் போனவர்கள் பிழைப்புக்காகப் போனார்கள். ஆனாலும் அதே சபைகளைத் தேடித்தான் சேர்ந்தார்கள்.

லுத்தரன் போதகர்கள் பதிவு எழுதுவதில் கறாரானவர்கள். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய பிறகு இங்கேயும் அந்த வழக்கம்தான் வந்தது. பிறந்த நாள், ஞானஸ்நான நாள், பெற்றோர், ஞானப்பெற்றோர் என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஜனங்கள் திருமணப் பதிவை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். நீங்கள் அடக்கப் பதிவேட்டைக் கேளுங்கள். அடக்கம் செய்கிற அன்று போதகர் குடும்பத்தாரை உட்கார வைத்து, எங்கே பிறந்தார், எந்தச் சபையில் திடப்படுத்தப்பட்டார், எத்தனை வருஷம் எத்தனை மாதம் எத்தனை நாள் ஜீவித்தார் என்று கேட்டு எழுதுவார். அரசாங்கக் குமாஸ்தாவுக்கு 'ஜெர்மனி' போதும், ஒரு போதகருக்குப் போதாது.

மேடிசன் மருமகள்

ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஹாம்பர்க் பட்டியலில் இரண்டு வாரம் தேடியும் அவர் இல்லை. பிரெமன் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். போன சனிக்கிழமை மாமியாரையும் மகளையும் கூட்டிக்கொண்டு டாட்ஜ் கவுண்டிக்குப் போனோம். முதலில் கல்லறை. கல்லில் 'குக்' என்று இருந்தது. பிறகு சபை அலுவலகம். அலுவலகப் பெண்மணி ஓர் இரும்பு பீரோவைத் திறந்து, தோல் அட்டை போட்ட தடிப் புத்தகம் ஒன்றைத் தூக்கி வந்து மேஜையில் வைத்தார். முதுகுப்புறம் பிய்ந்து நாடாவால் கட்டியிருந்தது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு 1924-ஆம் ஆண்டைத் திருப்பினேன்.

ஐயா, அந்தப் பதிவில் அவர் 'கோஹ்'. கல்லில் குக், அரசாங்கச் சான்றிதழில் குக், போதகர் புத்தகத்தில் கோஹ். 65 ஆண்டு, 2 மாதம், 9 நாள் என்று வயது. என் மாமியார் விரலை அந்த எழுத்தின்மேல் படாமல், ஓர் அங்குலம் மேலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அதற்கடுத்த வரியில்தான் ஊர் இருக்க வேண்டும். ஆனால் எழுத்து எனக்குப் புரியவில்லை. 'நாங்கார்ட்' மாதிரி ஒரு சொல், அதற்கு முன்னால் 'டாபர்' போல ஒன்று, முதலில் இன்னொன்று. வளைந்து வளைந்து எல்லாக் கோடும் ஒரே மாதிரி இருக்கிறது. படத்தை இணைத்திருக்கிறேன்.

டோர்ட்முண்ட் அண்ணன்

இது குரென்ட் எழுத்து, தங்கச்சி. பழைய ஜெர்மன் கையெழுத்து. இதில 'எ' பார்த்தால் 'ன்' மாதிரி இருக்கும். 'உ'வுக்கு மேல ஒரு சின்ன வளைவு போடுவினம், அது இல்லாட்டி 'ன்'னுக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாது. உங்கட படத்தில அந்த வளைவு இருக்கு, பெருப்பிச்சுப் பாருங்கோ. அப்ப அது 'நாங்கார்ட்' இல்லை, 'நவ்கார்ட்'.

முதல் சொல்லில எனக்கும் சந்தேகம் வந்தது. எங்கட பக்கத்து வீட்டில 93 வயசில ஒரு அம்மா இருக்கிறா. பள்ளிக்கூடத்தில இதே மாதிரி எழுத்துப் படிச்ச கடைசி ஆக்களில ஒராள். 1941-ல அதைப் படிப்பிக்கிறதை நிப்பாட்டிப் போட்டினம். பின்னேரம் படத்தை அச்செடுத்துக் கொண்டு போனன். கண்ணாடியைப் போட்டு, பேப்பரை யன்னல் பக்கம் பிடிச்சு, ஒரு நிமிசம் கூட இல்லை, மளமளவெண்டு வாசிச்சா. "இன்னார், கோஹ், பிறந்தது இந்தக் கிராமம், டாபருக்கு அருகில், நவ்கார்ட் மாவட்டம், பொமரேனியா." பிறகு என்னைப் பார்த்து, "இவ்வளவு நல்ல கையெழுத்தை ஏன் உங்களுக்கு வாசிக்கத் தெரியேல்லை?" எண்டு கேட்டா.

கிராமத்தின்ர பேரைத் தனிமடலில அனுப்பியிருக்கிறன், நீங்கள் கேட்டபடி.

மேடிசன் மருமகள்

அண்ணா, அந்த அம்மாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கள். மகள் அந்த ஊர்ப்பெயரை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

ஆனால் வரைபடத்தில் தேடினால் இன்றைய ஜெர்மனியில் இந்த ஊரே இல்லையே?

ஷெட்சின் மாணவி

நான் போலந்தில் ஷெட்சின் நகரத்தில் முதுகலை படிக்கிறேன். கோயம்புத்தூர்க்காரி. அக்கா, அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. 1945-க்குப் பிறகு பொமரேனியாவின் கிழக்குப் பகுதி போலந்துக்கு வந்தது. அங்கிருந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள், ஊர்களுக்கெல்லாம் போலிஷ் பெயர் வந்தது. நான் படிக்கிற இந்த ஷெட்சின்தான் பழைய ஸ்டெட்டின். நவ்கார்ட் இப்போது நோவோகார்ட். டாபர் இப்போது டோப்ரா.

கவனம் அக்கா: ஷெட்சினுக்குப் பக்கத்திலேயே இன்னொரு டோப்ரா இருக்கிறது. அதற்கும் பழைய பெயர் டாபர்தான்! நான் பேருந்தில் அந்தப் பலகையை அடிக்கடி பார்ப்பேன். அது உங்கள் ஊர் இல்லை. உங்கள் டாபர் கிழக்கே தள்ளி இருக்கிற சின்ன நகரம், பாழடைந்த கோட்டை ஒன்று உண்டு. மாவட்டப் பெயரைப் போதகர் எழுதி வைத்ததால் தப்பித்தோம்.

ஷெட்சினிலும் கொஷாலினிலும் அரசு ஆவணக் காப்பகம் இருக்கிறது, படங்கள் பலவற்றை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

நூலகப்பூனை

தங்கை சொன்னதோடு இன்னும் இரண்டு. 1912-ல் வெளிவந்த மையர் ஊர் அகராதி இணையத்தில் இருக்கிறது. ஒரு கிராமத்துக்கு எந்தச் சபை, எந்தப் பதிவு அலுவலகம் என்று அதைக்கொண்டு கண்டுபிடிக்கலாம். சின்னக் கிராமங்களுக்குச் சொந்தமாகச் சபை இருக்காது, பக்கத்துப் பெரிய ஊரின் புத்தகத்தில் இருப்பார்கள்.

பொமரேனியச் சபைப் புத்தகங்களில் நிறைய 1945-ல் அழிந்தன. தப்பியவற்றில் பலவற்றைச் சால்ட் லேக் சிட்டியில் உள்ள மோர்மோன் சபையார் நுண்படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஃபேமிலிசெர்ச் தளம் அவர்களுடையது, இலவசம். சில படங்களை வீட்டிலிருந்து பார்க்க முடியாது. அவர்களுடைய மையத்துக்கோ, அவர்களோடு இணைந்த நூலகத்துக்கோ போனால் அங்குள்ள கணினியில் திறக்கும். மூலப் புத்தகம் அழிந்திருந்தாலும் கை விட்டுவிடாதீர்கள். புரூசியாவில் 1874 வரை போதகர்கள் ஆண்டுதோறும் ஒரு பிரதி எழுதி நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பிரதி சில இடங்களில் தப்பியிருக்கிறது.

தேடும்போது 'வில்ஹெல்ம்' என்று மட்டும் பார்க்காதீர்கள். ஒரு குழந்தைக்கு மூன்று நான்கு பெயர் வைப்பார்கள், கூப்பிடுவது அதில் ஏதோ ஒன்று. முதற்பெயர் எல்லாப் பிள்ளைகளுக்கும் யோஹானாகவே இருக்கும்.

மேடிசன் மருமகள்

கிடைத்துவிட்டார்.

நேற்று ஃபேமிலிசெர்ச் மையத்தில் நாலு மணி நேரம். 1859 மார்ச் மாதத்தில் பதினோரு ஞானஸ்நானங்கள். ஏழாவது: யோஹான் கார்ல் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் கோஹ். வில்ஹெல்ம் என்பதன் கீழே ஒரு கோடு. பிறந்த நாள், அடக்கப் பதிவில் உள்ள 65 ஆண்டு 2 மாதம் 9 நாளைக் கழித்துப் பார்த்தால் அப்படியே பொருந்துகிறது. கணக்குப் போட்டது மகள்.

ஞானப்பெற்றோர் மூன்று பேர். அதில் ஒருவரின் குடும்பப் பெயர் எனக்கு ஏற்கெனவே தெரியும்! விஸ்கான்சினில் அவர் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் அதே குடும்பப் பெயர்தான். 1900 கணக்கெடுப்பில் அடுத்த பண்ணையும் அவர்களுடையது. ஊரிலிருந்து தனியாக வரவில்லை, தெரிந்தவர்கள் இருக்கிற இடத்துக்கு வந்திருக்கிறார்.

அப்பா பெயருக்குப் பக்கத்தில் ஒரு சொல் இருக்கிறது. 'டாகலோனர்' என்று படித்தேன். அண்ணா, இது என்ன?

டோர்ட்முண்ட் அண்ணன்

டாகலோனர் எண்டால் நாட்கூலி. சொந்தக் காணி இல்லாத ஆள், தங்கச்சி. அந்தப் பக்கம் முழுக்கப் பெரிய பெரிய பிரபுக்களின்ர பண்ணை நிலம். டாபர் வட்டாரத்தில ஃபொன் டெவிட்ஸ் எண்ட குடும்பம் நூற்றாண்டுக்கணக்கில இருந்தது, அந்தக் கோட்டையும் அவையின்ரதான். கூலியாக்களுக்குப் பண்ணையிலயே ஒரு குடிசை, கொஞ்சம் தானியம், உருளைக்கிழங்கு போட ஒரு துண்டு நிலம் குடுப்பினம். அதுக்கு ஈடா வருசம் முழுக்கப் பண்ணையில வேலை. ஆளோட மனிசியும் வேலைக்கு வரவேணும்.

பிரபு வீட்டுப் பிள்ளை எண்டு கதை வந்ததும் இதிலயிருந்துதான் எண்டு நினைக்கிறன். பிரபு வீட்டில இருந்து வந்தவர் எண்டு முதலில சொல்லியிருப்பினம். அது உண்மை. பிறகு ஒரு சொல்லு மாறிப்போச்சுது.

1880-களில அமெரிக்கத் தானியம் மலிவா வந்து இறங்கி, இஞ்ச விலை விழுந்துபோச்சு. கூலியாக்கள்தான் முதல் அடிபட்டவை. 1882-ல மட்டும் ஜெர்மனியில இருந்து கிட்டத்தட்ட 2,50,000 பேர் அமெரிக்காவுக்குப் போனவை. உங்கட ஆள் அதுக்கு முந்தின வருசம்.

மேடிசன் மருமகள்

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

குடிசை, தானியக்கூலி, புருஷனோடு மனைவியும் வேலைக்கு. இதற்கு எங்கள் ஊரில் பெயர் பண்ணையாள். என் அப்பாவின் தாத்தா மன்னார்குடிப் பக்கம் ஒரு மிராசுதாரிடம் பண்ணையாளாக இருந்தவர். அவர் பெயர் எனக்குத் தெரியும், அப்பா சொல்லியிருக்கிறார். அவருடைய அப்பா பெயர் யாருக்கும் தெரியாது. எழுதி வைத்தவர் இல்லை. நிலம் இருந்திருந்தால் பட்டாவில் இருந்திருக்கும்.

டாபரில் ஒரு நாட்கூலியின் பிள்ளைக்கு மூன்று ஞானப்பெற்றோர் பெயரோடு ஒரு வரி இருக்கிறது, 160 வருஷத்துக்கு மேலாக. அதை நான் படித்தேன். சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

மாமியாரிடம் 'பிரபு இல்லை, பண்ணையாள்' என்று எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அவர் கேட்டுவிட்டு, "22 வயதில் கூலிக்காரனாகக் கப்பலேறி, 41 வயதில் சொந்தப் பண்ணையா?" என்றார். புகைப்படத்தை எடுத்து அந்தக் கைகளையே ரொம்ப நேரம் பார்த்தார்.

வேர்த்தேடி

இழையை முழுவதும் படித்தேன். அந்த பெர்லின் மரங்களை வைத்திருக்கும் மூவருக்கும் எழுதியிருக்கிறேன். ஒருவர் பதில் போட்டார், மாற்றிவிடுகிறேன் என்று. மருமகள் சம்மதித்தால் ஞானஸ்நானப் பதிவின் விவரத்தை அவருக்கு அனுப்பட்டுமா?

மேடிசன் மருமகள்

தாராளமாக. மாமியாரும் சரி என்கிறார்.

தரங்கம்பாடிப் பெரியவர்

மகளே, மனம் நிறைந்தது. ஒரு கேள்வி. தாயார் பெயர் என்ன? ஞானஸ்நானப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்க வேண்டுமே. நீங்கள் அப்பா வழியை மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

மேடிசன் மருமகள்

இருக்கிறது ஐயா. 'கரோலீனா' வரை படித்துவிட்டேன். அடுத்து 'கெபோரன' (பிறந்த வீட்டைக் குறிக்கும்) என்ற சொல், அதற்கப்புறம் வரும் பிறந்த வீட்டுப் பெயர்தான் பிடிபடவில்லை. மையில் நீர் பட்டுப் பரவியிருக்கிறது. முதல் எழுத்து 'ப'வா 'ல'வா என்றே தெரியவில்லை. படத்தை இப்போது இணைக்கிறேன். ஷெட்சின் தங்கை, காப்பகத்தில் நீதிமன்றப் பிரதி இருக்கிறதா என்று ஒரு தரம் விசாரிக்க முடியுமா?

ஷெட்சின் மாணவி

செவ்வாய்க்கிழமை வகுப்பு இல்லை அக்கா. நேரிலேயே போய்க் கேட்கிறேன்.

டோர்ட்முண்ட் அண்ணன்

படத்தை இறக்கிப் போட்டன். நாளைக்கு ஞாயிறு, அம்மா மத்தியானம் கேக் சாப்பிட வரச் சொன்னவா. கையோட கொண்டு போறன்.